துண்டும் தினைக்கதிரும்

2024ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தின் இறுதியில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பெரியவர் ஒருவர் கூண்டு ஒன்றைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கூண்டின்மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தியிருந்தது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவியை இழந்து ஈராண்டு ஆகியிருந்தது. வெளியூரில் வாழும் மகளோடு சென்று தங்குவது என்று முடிவு செய்திருந்தார். மகள் வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்தது. பறவைக்கு அங்கே இடம் இல்லை.

"தம்பி, இவனை விற்க மனம் வரவில்லை. காட்டில் விடலாம் என்றால், அந்தக் காடு கடல் கடந்து இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால், எங்கே இருக்கிறான் என்பதாவது எனக்குத் தெரியும்" என்றார்.

வேட்டியை விலக்கினார். உடல் முழுதும் சாம்பல் நிறம். முகம் மட்டும் மஞ்சள். கன்னத்துக்கு ஒன்றாகச் செம்மஞ்சள் வட்டம், குங்குமத்தை விரலால் தொட்டு வைத்ததுபோல. தலையில் நீண்ட கொண்டை. இதைக் கிளி என்றால் நம்மில் பலர் ஒப்பமாட்டார்கள். ஆயினும் இதுவும் கிளியினத்தைச் சேர்ந்ததே. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், நீரைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைவது. காக்கட்டீல் என்பது பெயர். நம் ஊர்க் கடைக்காரர்கள் அதைக் 'காக்டெயில்' ஆக்கிவிட்டார்கள். பறவை அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. பெரியவர் இவனுக்கு மணி என்று பெயர் வைத்திருந்தார்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சிறிது ஏமாற்றமே. அவள் நெடுநாளாகப் பச்சைக்கிளி கேட்டுக்கொண்டிருந்தாள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பலமுறை சொல்லியிருந்தேன். அது நம் தென்னை மரத்துக்கு வரும்போது பார்த்தால் போதும் என்றும் சொல்லியிருந்தேன். அன்று மாலை அவள் கூண்டருகே உட்கார்ந்து, "பச்சை இல்லை என்றால் என்ன, கொண்டை இருக்கிறதே" என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பெரியவர் விடைபெறும்போது, கூண்டின் முன் குனிந்து மூன்று சுரத்தில் ஒரு சீழ்க்கை அடித்தார். மணி அதே மூன்று சுரத்தைத் திருப்பி அடித்தான். "காலையில் இப்படித்தான் என்னை எழுப்புவான். நாளை உங்களையும் எழுப்புவான், பாருங்கள்" என்று சொல்லி நடந்தார். தெரு முனை திரும்பும்வரை அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மணி எங்களை எழுப்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். நாங்கள் அருகே சென்றால் கொண்டை செங்குத்தாக எழும். உடம்பு ஒடுங்கி மெலிந்து நிற்கும். நாங்கள் அகன்றால் இறகைச் சிலிர்த்து உருண்டையாகி, பகலிலேயே கண்ணை மூடிக்கொள்வான். தட்டில் தானியம் குறையாமல் கிடந்தது. பிரிவுத் துயர் என்று நான் முடிவு செய்தேன். வளர்த்தவரை இழந்த உயிர் இப்படித்தான் இருக்கும், காலம் ஆற்றும் என்று அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அந்த விளக்கம் எனக்கே அழகாக இருந்தது. அதனால்தான் ஒரு வாரம் வீணாயிற்று.

துயரமும் நோயும் பறவையின் உடலில் ஏறக்குறைய ஒரே கோலத்தில் தோன்றும். காட்டில் வாழும் சிறு பறவை தன் நோயை வெளியே காட்டினால் பருந்துக்கு இரையாகும். ஆகவே இயன்றவரையில் மறைக்கும். மறைக்க முடியாமல் நம் கண்முன் இறகைச் சிலிர்த்து உட்காருகிறது என்றால், நோய் தொடங்கிப் பல நாள் ஆகிவிட்டது என்று பொருள். இது எனக்கு அப்போது தெரியாது. கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளில் எச்சம் பச்சையும் மஞ்சளும் கலந்து கிடந்ததைக் கண்ட பிறகே, கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

பசுவும் ஆடும் நிறைந்த அந்தக் கூடத்தில், கையளவு பறவையோடு நின்றபோது சற்று வெட்கமாகவே இருந்தது. மருத்துவர் இளம்பெண். அவர் வெட்கப்பட விடவில்லை. முதலில் மணியைத் தராசில் நிறுத்தினார். 79 கிராம். "இந்த உடல்வாகுக்கு 90 கிராமாவது இருக்க வேண்டும். வீட்டில் ஒரு தராசு வாங்கி, நாள்தோறும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இறகு நம்மை ஏமாற்றும், எடை ஏமாற்றாது" என்றார். பிறகு, பெரியவர் வீட்டில் வேறு பறவை இருந்ததா என்று கேட்டார். தொலைபேசியில் விசாரித்தேன். மணிக்குத் துணையாக நான்கு மாதங்களுக்கு முன் கடையிலிருந்து ஒரு பெட்டையை வாங்கினாராம். அது பத்து நாளில் இறந்துவிட்டதாம். மருத்துவர் தலையை அசைத்தார். மணியின் தொண்டையிலும் கழிவுவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

நான் அஞ்சிய முடிவே வந்தது. கிளிக் காய்ச்சல் என்பார்கள். கிளமிடியா என்னும் நுண்ணுயிரால் வருவது. பறவையின் எச்சமும் மூக்கு நீரும் உலர்ந்து தூளாகிக் காற்றில் கலந்தால், அதை மூச்சில் இழுக்கும் மனிதரையும் பற்றும், நுரையீரலைத் தாக்கும்.

இந்நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1879ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1929ஆம் ஆண்டின் இறுதியில், தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு இது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. கிறிஸ்துமஸ் பரிசாகக் கிளி பெற்ற குடும்பங்கள் காய்ச்சலில் விழுந்தன. செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சத்தைப் பரப்பின. மக்கள் தாம் கொஞ்சி வளர்த்த கிளிகளைக் கொன்றார்கள், தெருவில் துரத்திவிட்டார்கள். 1930 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹூவர் கிளி இறக்குமதியையே தடை செய்தார். அந்நாளில் இதற்கு மருந்து இல்லை.

மருந்து பின்னால் வந்தது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தில் முதலாவதான ஆரியோமைசின் 1948ஆம் ஆண்டு வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டறிந்தவர் பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலறிஞர். அந்த ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக இருந்தவர் எல்லப்பிரகடா சுப்பாராவ்; பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அதே ஆண்டில் அவர் மறைந்தார். மணிக்கு எழுதித் தரப்பட்ட டாக்சிசைக்ளின் அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்தது. மருந்துக் கடையில் அந்தச் சிறு புட்டியைக் கையில் வாங்கியபோது, கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்ட அந்தக் கிளிகளின் நினைவு வந்தது. அவை சற்று முந்திப் பிறந்துவிட்டன, அவ்வளவுதான்.

"நாற்பத்தைந்து நாள்; ஒரு நாளும் தவறக் கூடாது" என்றார் மருத்துவர். ஏன் அத்தனை நாள் என்று கேட்டேன். இந்த நுண்ணுயிர் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்திருக்கும்; அது பெருகும்போதுதான் மருந்து அதைத் தாக்க இயலும்; ஒளிந்து உறங்குவது விழிக்கும்வரை மருந்து காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். சுண்ணாம்புச் சத்து இம்மருந்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. ஆகவே, அலகு தீட்டுவதற்காகக் கூண்டில் கட்டியிருந்த கணவாய் மீனின் ஓட்டை அவிழ்த்துவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அதுதான் அந்த ஓடு.

எல்லாவற்றிலும் கடினமானது அவர் கடைசியாகச் சொன்னது. சிறுவரும் முதியவரும் பறவையின் அருகே செல்லக் கூடாது. தனி அறையில் வைக்க வேண்டும். ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். எச்சம் விழுந்த தாளை நீர் தெளித்து நனைத்த பிறகே மடிக்க வேண்டும். மூக்கும் வாயும் மூடிக்கொண்டே உள்ளே போக வேண்டும். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலோ இருமலோ கண்டால், கிளி இருப்பதை மறவாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என் தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. செய்தியைக் கேட்டதும், "வந்த வழியே கொண்டுபோய் விட்டுவிடு" என்றார். அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வந்த வழியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பெரியவரும் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தார்.

"நாற்பத்தைந்து நாள் பொறுங்கள், அம்மா" என்றேன்.

"எனக்குப் பொறுக்கலாம். அதற்கு?" என்றார்.

அந்தக் கேள்வி சரியானது. காக்கட்டீல் கூட்டத்தில் வாழும் பறவை. தனிமை அதற்கு இயல்பன்று. புதிய இடத்துக்கு வந்த ஒன்றைப் பழக்க வேண்டுமானால், மனிதர் நடமாடும் கூடத்தில் வைத்து, அனைவரும் பேசிக் கொடுத்து, மெல்ல மெல்ல அச்சம் போக்க வேண்டும். நானோ அதைக் கொல்லைப்புற அறையில் தனியே அடைத்து, நாள்தோறும் ஒருமுறை பிடித்துத் துண்டில் சுற்றி, வாயில் கசப்பை ஊற்ற வேண்டியிருந்தது. அதன் உலகில் எஞ்சியிருந்த ஒரே மனிதன் நான். அந்த ஒருவனும் அதற்கு அச்சம் தருபவன்.

மருந்து ஊட்டும் முறையை மருத்துவர் செய்து காட்டினார். மெல்லிய பருத்தித் துண்டால் முதுகுப் பக்கமிருந்து மூட வேண்டும். தலையை இரு விரலால் பக்கவாட்டில் தாங்கலாம். மார்பை மட்டும் அழுத்தக் கூடாது. நமக்கு மூச்சுக்கு உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அது இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே மூச்சு நடக்கிறது. அன்பு மிகுந்து இறுகப் பிடித்தால் நம் கையிலேயே மூச்சு நின்றுவிடும். ஊசி நீக்கிய பீச்சுக்குழாயைப் பறவையின் இடப்பக்க வாயோரத்தில் வைத்து, வலப்பக்கம் நோக்கிச் சாய்த்துத் துளித்துளியாக விட வேண்டும். உணவுக்குழல் கழுத்தின் வலப்புறமாகச் செல்கிறது. அரை மில்லி மருந்து. எழுதுவதற்கு எளிது.

அக்டோபர் 20ஆம் நாள் ஞாயிறு, முதல் வேளை. துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, புன்னகை செய்தவாறு கூண்டருகே போனேன். மணி புன்னகையைப் பார்க்கவில்லை. என் தோள் சாய்ந்திருந்ததைப் பார்த்தான். கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்தி, கம்பியில் மோதவைத்து, ஒருவாறு பிடித்தேன். பாதி மருந்து தொண்டைக்கும் பாதி என் சட்டைக்கும் போயிற்று. கட்டைவிரலில் இரத்தம் வந்தது.

மறுநாள் இன்னும் சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக எண்ணினேன். தினைக்கதிர் ஒன்றை இடக்கையால் நீட்டினேன். சங்க நூல்களில் குறிஞ்சிநிலப் பெண்கள் தினைப்புனத்துப் பரணில் இருந்து கிளி ஓட்டுவார்கள். அதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் வைத்திருந்தார்கள். நான் அதே தினையைக் காட்டிக் கிளியைக் கெஞ்சி அழைத்துக்கொண்டிருந்தேன். காக்கட்டீலுக்குத் தினையைவிட இனியது வேறில்லை. மணி தயங்கித் தயங்கி வந்து ஒரு மணியைக் கொத்தினான். அந்தக் கணத்தில் வலக்கையிலிருந்த துண்டு அவன்மேல் விழுந்தது. மருந்து முழுதும் உள்ளே போயிற்று. வெற்றி பெற்றதாக மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் அவன் தினையைத் தொடவில்லை. நான் வைத்த தினை மட்டுமன்று, தட்டில் இருந்த தினையும் அப்படியே கிடந்தது. அவனுக்குப் பிடித்த ஒன்றே ஒன்றையும் நான் பொறியாக்கிவிட்டேன். நான்காம் நாள் எடை 76 கிராம்.

அன்று இரவு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். இன்னும் குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்துக் குழாய் வழியே உணவு செலுத்த வேண்டிவரும் என்றார். பிறகு, "எப்படிப் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "ஐயா, நீங்கள் எப்போது பிடிப்பீர்கள் என்று அதற்குத் தெரியவில்லை. அதனால் நாள் முழுதும் அது பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. துண்டை மறைக்காதீர்கள். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே துண்டு. கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மற்ற நேரத்தில் அந்தத் துண்டு அதன் கண்ணிலேயே படக் கூடாது" என்றார்.

கிளிக்கு முன்னறிவிப்புக் கொடுப்பதா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை.

ஐந்தாம் நாள் முதல் வழக்கம் மாறிற்று. காலை ஏழு மணிக்குச் சிவப்புக் கரையிட்ட பச்சைத் துண்டை என் தோளில் வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு அறைக்குள் போவேன். "மணி, துண்டு" என்று உரக்கச் சொல்வேன். பெரியவர் அவனுக்கு 'ஏறு' என்ற சொல்லைக் கற்பித்திருந்தார். ஒரு குச்சியை நீட்டி 'ஏறு' என்பேன். ஏறினால், சன்னலோரத்து மேசைக்குக் கொண்டுவருவேன். மருந்து அங்கேதான், கூண்டுக்குள் இனி என் கை துரத்திக்கொண்டு வராது. முதல் இரண்டு நாள் அவன் ஏறவில்லை; கால் மணி நேரம் குச்சியைப் பிடித்தபடி நின்றேன்; பள்ளிக்கு நேரமாயிற்று; கடைசியில் கூண்டுக்குள்ளேயே மருந்து கொடுக்க நேர்ந்தது. மூன்றாம் நாள் ஏறினான். நம்பி ஏறினானா, சலித்து ஏறினானா என்பதை நான் அறியேன். மருந்து முடிந்ததும் துண்டைக் கொண்டுபோய்க் கொடியில் உலர்த்திவிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பி வந்து, தினைக்கதிரைக் கூண்டில் செருகிவிட்டு வெளியேறுவேன். துண்டு இருக்கும்போது தினை இல்லை. தினை இருக்கும்போது துண்டு இல்லை.

மாலையில் வெறுங்கையோடு போய் அரை மணி நேரம் உட்காருவேன். அவனை நேராகப் பார்ப்பதில்லை. இரு கண்ணும் முன்னோக்கி இருக்கும் உயிர் உற்றுப் பார்த்தால், பறவைக்கு அது வேட்டை விலங்கின் பார்வை. ஆகவே பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பேன். மணி முதலில் தலையங்கத்துக்குச் சீறினான். சில நாளில் சீறுவதை விட்டு, கொண்டையைத் தளர்த்தி வைத்துக் கேட்கத் தொடங்கினான். ஒரு நாள் அலகை அலகோடு அரைக்கும் மெல்லிய ஓசை வந்தது. பற்களை நறநறவென்று கடிப்பதுபோல் இருந்ததால், சினம் என்று நினைத்தேன். அது நிறைவின் ஓசை. உறங்கப்போகும் கிளி அப்படி அரைக்கும் என்று பின்னரே அறிந்தேன்.

பன்னிரண்டாம் நாள் தீபாவளி. இந்த இனத்துப் பறவைகளுக்கு இருளில் சிறு ஓசை கேட்டாலும் திடீரெனப் பேரச்சம் பிடித்துக்கொள்ளும். கூண்டுக்குள் கண்மூடித்தனமாக அடித்துக்கொள்ளும். அதற்காக இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டிருந்தேன். சன்னல்களை அடைத்துக் கம்பளமும் தொங்கவிட்டிருந்தேன். இரவு பத்து மணி அளவில் தெருவில் பெரிய வெடி ஒன்று வெடித்தது. அதே நேரத்தில் மின்சாரமும் நின்றுபோயிற்று.

அறையில் எழுந்த ஓசையை இன்றும் மறக்க முடியவில்லை. ஓடினேன். இருட்டில் இறகுகள் கம்பியில் மோதிக்கொண்டிருந்தன. பின்னால் கைவிளக்கின் ஒளி வந்தது. திரும்பிப் பார்த்தால், ஈரத் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அம்மா நின்றார். "நீங்கள் வரக் கூடாது" என்றேன். "விளக்கை யார் பிடிப்பது?" என்றார். ஒளியில் மணியின் இடச் சிறகு தெரிந்தது. புதிதாக முளைத்து வரும் இறகின் தண்டுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓர் இறகு முறிந்து, சாம்பல் நிறச் சிறகில் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. எண்பது கிராம் உடலில் இரத்தம் எவ்வளவு இருக்கும்? கொடியிலிருந்து துண்டை எடுத்தேன். எனக்கே என் குரல் நடுங்கியது. ஆனாலும் வழக்கம்போல, "மணி, துண்டு" என்று சொன்னேன்.

அவன் அடங்கினான் என்று சொல்லமாட்டேன், கடித்தான். ஆனால் சிறகடிப்பதை நிறுத்திவிட்டான். அலறவும் இல்லை. அந்த இரவில் அவன் அறிந்த ஒன்று அந்தத் துண்டுதான் போலும். அதற்குள் என்ன நடக்கும், எப்போது முடியும் என்பது அவனுக்குத் தெரியும். முறிந்த இடத்தில் சோளமாவை வைத்து விரலால் அழுத்திக்கொண்டேன். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நிமிடத்தில் இரத்தம் நின்றது. மறுநாள் காலை அதே துண்டு, அதே மேசை, அதே மருந்து. ஏறு என்றதும் ஏறினான்.

அதன்பின் அம்மா மணியைப் பற்றிக் குறைவாகவே முறையிட்டார். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை, புகை பறவையின் மூச்சுக்கு ஆகாது என்று கேட்டதும், வாசலோடு நிறுத்திக்கொண்டார். ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி கிளியைச் சில நிமிடங்களிலேயே கொல்லும் என்று சொன்னேன். தம் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் பெருமையோடு பார்த்துக்கொண்டார்.

இருபதாம் நாளுக்குப் பிறகு மணி குரல் கொடுக்கத் தொடங்கினான். முழுச் சீழ்க்கை அன்று; ஒற்றைச் சுரம். கூட்டத்தில் மேயும் பறவை, "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று கேட்கும் அழைப்பு அது. பதில் வராவிட்டால் மீண்டும் மீண்டும் அழைக்கும். பதில் வந்தால் அமைதியாக மேயும். எனக்குச் சீழ்க்கை அடிக்க வராது. என் மகளுக்கு நன்றாக வரும். அவள் முற்றத்தில் நின்று பதில் கொடுப்பாள். வீட்டுக்குள் சீழ்க்கை அடித்தால் பாம்பு வரும் என்று சின்ன வயதில் என்னை அடக்கிய அம்மா, இப்போது பேத்தி பள்ளிக்குப் போன பிறகு சமையலறையிலிருந்தே, "இதோ இருக்கிறேன்" என்று குரல் கொடுப்பார். மணிக்கு அதுவும் போதுமானதாக இருந்தது.

ஒரு மாலை பெரியவர் தொலைபேசியில் நலம் கேட்டார். மணி எப்படிச் சாப்பிடுகிறான், எடை எவ்வளவு என்று கேட்டவர், சற்றுத் தயங்கி, "நான் ஒருமுறை சீழ்க்கை அடிக்கிறேன், கேட்கிறானா பாருங்கள், தம்பி" என்றார். தொலைபேசியைக் கூண்டின் அருகே வைத்தேன். மூன்று சுரம் ஒலித்தது. மணியின் கொண்டை எழுந்தது. கம்பியோரமாக ஓடிவந்தான். மூன்று சுரத்தையும் திருப்பி அடித்தான். வந்த பிறகு அதுவே முதல் முறை. பிறகு தொலைபேசியின் முன்புறம் பார்த்தான், கழுத்தை வளைத்துப் பின்புறம் பார்த்தான், மேலே பார்த்தான், மீண்டும் பின்புறம் பார்த்தான்.

"என்ன செய்கிறான்?" என்றார் பெரியவர்.

"பாடினான், ஐயா. இப்போது தேடுகிறான்."

நெடுநேரம் மறுமொழி இல்லை. "அப்படியானால் இனி வேண்டாம்" என்றார். அன்று முதல் மணியின் காதில் படாதபடி நான் வாசலுக்கு வந்து நின்றுதான் அவரிடம் பேசினேன். எடையை மட்டும் வாரந்தோறும் சொல்லச் சொன்னார். முப்பதாம் நாள் 85. நாற்பதாம் நாள் 90. அவர் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

டிசம்பர் 3ஆம் நாள் செவ்வாய்க்கிழமை கடைசி வேளை. புட்டியின் அடியில் இருந்ததை அளந்து எடுத்தேன். மணி இப்போதும் மருந்தை விரும்பவில்லை. விழுங்கிவிட்டுத் தலையை உதறினான். என் மூக்குக் கண்ணாடியில் மஞ்சள் துளி தெறித்தது. சில வாரம் கழித்து மாதிரியை மீண்டும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், அதன் முடிவு வந்த பின்னரே அவன் கூடத்துக்கு வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் மகள் அதற்குள் கூடத்துச் சன்னலருகே ஆணி அடித்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அறைக்குள் போனேன். தோளில் துண்டு இல்லை. தினைக்கதிரை மட்டும் கையில் எடுத்துச் சென்றேன். கூண்டைத் திறந்தேன். நான் 'ஏறு' என்று சொல்லும் முன்னரே மணி வெளியே வந்து, மேசையின்மேல் தாவி, நாள்தோறும் துண்டு விரிக்கும் இடத்தில் போய் நின்றான். இடப்பக்க அலகு என்பக்கம் இருக்கும்படி கழுத்தைத் திருப்பிக்கொண்டான். நான் தினைக்கதிரை அவன் முன் வைத்தேன். அதைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான், துண்டு வரும் கதவைப் பார்த்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். சிறிது நேரம் சென்றது. தினை உடையும் ஓசை கேட்டது.